பல வருடம் எஸ்.சி.பி. படித்த பிறகு: எது நிற்கிறது, எது சலிக்கிறது

எஸ்.சி.பி. ஃபவுண்டேஷன் கோப்புகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். விபரீதமான பொருள்களைப் பிடித்துப் பூட்டி வைக்கும் ஒரு ரகசிய அமைப்பின் ஆவணங்கள் என்ற பாவனையில் இணையத்தில் பலரும் சேர்ந்து எழுதும் கதைகள் இவை; ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒரு கோப்பு. 2007-இல் ஃபோர்சான் என்ற இணைய மன்றத்தில் யாரோ பெயரில்லாமல் போட்ட, 173-ஆம் எண் கொண்ட ஒரு சிலையைப் பற்றிய கோப்பில் தொடங்கி, மறுவருடமே விக்கியாகி, இன்று ஆயிரக்கணக்கில் வளர்ந்து நிற்கிறது. இதைத் தாங்கிப் பிடிப்பது அந்த வறண்ட அலுவலக நடைதான் என்பது என் கட்சி.

கோப்பில் முதலில் வருவது அடைத்து வைக்கும் விதிமுறை. பொருள் என்ன என்பதே அதற்கப்புறம்தான். 173-இல் பாருங்கள், அறைக்குள் மூன்று பேருக்குக் குறையாமல் போக வேண்டும், போனதும் கதவைப் பூட்டிவிட வேண்டும், இரண்டு பேர் அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. காரணம் இன்னும் சொல்லவில்லை, அதற்குள் நமக்கு வயிற்றைக் கலக்கிவிடும். 087 வெறும் படிக்கட்டு. அடுக்குக்கு 13 படி, எவ்வளவு பெரிய விளக்கு கொண்டுபோனாலும் ஒன்றரை அடுக்குக்கு மேல் வெளிச்சம் போகாது, சுமார் 200 மீட்டர் கீழே ஒரு குழந்தை அழுகிறது, இறங்க இறங்க அந்தத் தூரம் குறையவே மாட்டேன் என்கிறது. அளவெடுத்து எழுதியதே போதும், பயமுறுத்த வேறெதுவும் சேர்க்கத் தேவைப்படவில்லை. 055 இன்னும் கெட்டிக்காரத்தனம். அது என்ன என்பது யாருக்கும் மனதில் தங்காது, ஆனால் அது என்ன இல்லை என்பது தங்கும். அப்படித்தான் ‘அது உருண்டை இல்லை’ என்ற தகவல் கோப்பில் ஏறியிருக்கிறது.

சலிப்பது எங்கே என்றால், ரகசியம் என்று சொல்லி எழுத்தை மறைக்கும் கறுப்புப் பட்டைகளில். ஊகிக்க இடம் கொடுத்து ஒரு எண்ணை மறைத்தால் சரி. சொல்ல எதுவும் இல்லாமல் பத்தி பத்தியாக மறைத்தால் படிக்கிறவரை ஏமாற்றுவதுதான். அப்புறம் வகைப்பாடு. சேஃப், யூக்ளிட், கெட்டர் என்ற மூன்றும் எவ்வளவு எளிமை! பெட்டியில் பூட்டி வைத்தால் சும்மா கிடப்பது சேஃப், என்ன ஆகும் என்று தெரியாவிட்டால் யூக்ளிட், உடைத்துக்கொண்டு வெளியே வருமானால் கெட்டர். பிறகு தௌமியல், அப்போலியன் என்று புதுப்புது வகைகளை அடுக்கிக்கொண்டே போய், உலகமே அழியும் கதைகள் பெருத்துவிட்டன. எல்லாம் உலகை அழிக்குமானால் எதற்குத்தான் பயப்படுவது? ஒரு கோப்பு புரிய இன்னும் நான்கு கோப்பு படித்திருக்க வேண்டும் என்பதும் எனக்கு ஒத்துவரவில்லை.

வாசகர் வாக்களிப்பை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஒரு கோப்புக்கு விழுந்த ஆதரவு, எதிர்ப்பு வாக்குகளின் மொத்தம் மைனஸ் 10-க்கு இறங்கினால் நீக்கும் வேலை தொடங்கிவிடும், அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்காது. 173-இன் படத்தை 2022-இல் தளத்திலிருந்து நீக்கியதும் நியாயமே. படத்தில் இருந்தது இசுமி கட்டோ என்ற ஜப்பானியச் சிற்பியின் படைப்பு, தளத்தின் எழுத்துகளுக்கு உள்ள, யாரும் எடுத்தாளலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்குள் அது அடங்காது. படம் போன பிறகும் எழுத்து அப்படியே பயமுறுத்துகிறது.

புதிதாக வருகிறவர்கள் 087, 055, அப்புறம் 3008 என்று போங்கள். கடைசியது எல்லையே இல்லாத ஓர் ஐகியா கடை, உள்ளே மாட்டிக்கொண்டவரின் நாட்குறிப்போடு. 001-ஐத் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரே எண்ணுக்குப் பலர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள், மற்றவை பழகிய பிறகுதான் அவை ருசிக்கும்.