காரைக்குடி ட்ராவல்ஸ்ல ஷெங்கன் விசா: பேப்பர் வேலைக்கு 5 ஸ்டார், அட்வைஸுக்கு 2 ஸ்டார்

அப்பச்சியும் ஆத்தாவும் (எங்க அப்பா, அம்மா) ஜெர்மனில மியூனிக்ல இருக்க என் தங்கச்சி வீட்டுக்கு மூணு வாரம் போகணும், அப்டியே பாரிஸும் மூணு நாள் பாத்துட்டு வரணும்னு பிளான். ஷெங்கன்னா ஜெர்மனி, பிரான்ஸ் மாதிரி ஐரோப்பால 29 நாட்டுக்கும் சேத்து ஒரே விசா. மெட்ராஸ் ஏஜெண்ட் எதுக்கு, நம்மூர்லயே குடுப்போம்னு காரைக்குடில ஒரு ட்ராவல்ஸ்ல குடுத்தோம். கடை பேரு போடல, குறையும் சொல்லப்போறேன் அதான்.

முதல்ல நல்லத சொல்லிடறேன். பேப்பர் வேலைல அந்த அண்ணன அடிச்சுக்க ஆள் இல்ல. ஊருக்கு திரும்பி வருவீங்கங்கறதுக்கு ஆதாரம் வேணும்ல, எல்லாரும் வீட்டு பத்திரத்த வைப்பாங்க, ஆனா எங்க பக்கம் பூர்வீக வீடுன்னா பத்து பன்னெண்டு பங்கு இருக்கும், பாதி பங்காளிங்க சிங்கப்பூர்ல இருப்பாங்க, பத்திரம் எந்த தாத்தா பேர்ல இருக்குன்னே தெரியாது. அத அவர் கையாலயே தொடல. அப்பச்சியோட பென்ஷன், எஃப்டி, மூணு வருஷ ஐடி ரிட்டர்ன், தங்கச்சி அங்க கவர்மெண்ட் ஆபீஸ்ல போய் வாங்குன ஸ்பான்சர் லெட்டர், இவ்ளோதான், போதும்னுட்டாரு. இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்கு குறைய கூடாது, ஷெங்கன் நாடு மொத்தத்துக்கும் செல்லணும், பாஸ்போர்ட் எடுத்து 10 வருஷத்துக்கு மேல ஆகியிருக்க கூடாது, அங்கேருந்து கிளம்புற தேதிக்கு அப்புறம் மூணு மாசம் வேலிட் இருக்கணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும்னு கடகடன்னு சொல்லிட்டாரு. பதினஞ்சு நாள்ல முடிவு வரணும்ங்கறது ரூல், ஆனா 45 நாள் வரைக்கும் இழுக்கலாம், ஆறு மாசம் முன்னாடியே போடலாம்னு சொல்லி சீக்கிரமே போட வச்சாரு பாருங்க, அது பெரிய உதவி.

அங்க எத்தன நாள் இருக்கலாம்ங்கற 90 நாள் கணக்கும் ஆத்தாவுக்கே புரியற மாதிரி சொன்னாரு. பெரியம்மா ஒருத்தவங்க ஜெர்மனில மூணு மாசம், அப்புறம் பிரான்ஸ்ல மூணு மாசம் இருந்துட்டு வரலாம்லன்னு கேட்டுட்டு இருந்தாங்க. முடியாது. 180 நாள்ல 90 நாள்ங்கறது 29 நாட்டுக்கும் சேத்து ஒரே கணக்கு, நாடு மாறினா புதுசா ஆரம்பிக்காது, எந்த நாள் எடுத்தாலும் அதுக்கு பின்னாடி 180 நாள எண்ணி பாக்கணும். நடுவுல லண்டன் போகலாம்னு நெனச்சீங்கன்னா அது ஷெங்கனே இல்ல, அயர்லாந்தும் இல்ல, சிங்கிள் என்ட்ரி விசால வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது.

இனிமே குறை. விசாவுக்கு நேர்ல போய் குடுக்க ஜெர்மனி ஸ்லாட் கிடைக்கல, பிரான்ஸ் ஸ்லாட் இருக்கு, அதுல போட்டுருவோம், எல்லாம் ஒரே விசாதானே தம்பின்னாரு. ஒரே விசாதான், ஆனா எந்த நாட்ல அதிக நாள் இருக்கமோ அவங்ககிட்டதான் போடணும், நாள் சமமா இருந்தாதான் முதல்ல இறங்குற நாடு. மூணு வாரம் மியூனிக்ல உக்காந்துட்டு பாரிஸுக்கு போறேன்னு பொய் ஹோட்டல் புக்கிங் காட்டி வாங்குனா, பின்னாடி தெரிஞ்சா விசாவையே ரத்து பண்ற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. நான் பிடிவாதமா ஜெர்மனிக்கே வெயிட் பண்ண வச்சேன். இத்தனைக்கும் 2024 ஏப்ரல்ல இந்தியாகாரங்களுக்குன்னு ஒரு சலுகை வந்துச்சே, மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு விசா வாங்கி ஒழுங்கா யூஸ் பண்ணிருந்தா அடுத்தது ரெண்டு வருஷ மல்டிபிள் என்ட்ரி கிடைக்கும்னு, அத எனக்கு சொன்னதே இவர்தான். அத தெரிஞ்சுகிட்டே முதல் விசாலயே கோல்மால் பண்ண சொல்றது என்ன கணக்குன்னு எனக்கு புரியல.

அத விட பெரிய கூத்து, உள்ள போயிட்டா பார்டரே கிடையாது, பாஸ்போர்ட்ட மக வீட்லயே பூட்டி வச்சிருங்க, தொலைஞ்சா வம்புன்னு கிளம்பும்போது சொல்லி அனுப்பிருக்காரு. இவங்களும் அப்டியே பக்கத்து ஆஸ்திரியால இருக்க சால்ஸ்பர்க்குக்கு ஒரு நாள் ட்ரிப் போயிட்டு ரயில்ல திரும்புறாங்க, பார்டர் தாண்டுனதும் வர்ற ஃப்ரைலாசிங் ஸ்டேஷன்ல ஜெர்மன் போலீஸ் ஏறி பாஸ்போர்ட் எங்கன்னு கேக்குறான். மாப்பிள்ள போன்ல இருந்த போட்டோவ காட்டி, பேசி, ஒரு வழியா விட்டாங்க, ஆத்தாவுக்கு அன்னிக்கு சாப்பாடே எறங்கல. ஆஸ்திரியா பார்டர்ல ஜெர்மனி 2015லேருந்து செக் பண்ணிட்டு இருக்கு, 2024 செப்டம்பர் 16லேருந்து எல்லா தரை பார்டர்லயும் போட்டுட்டான். தற்காலிகம்னு சட்டத்துல இருக்கு, இவங்க அத புதுப்பிச்சுகிட்டே போறாங்க. அகதியா வர்றவங்க முதல்ல எந்த நாட்ல கால் வைக்கிறாங்களோ அந்த நாடுதான் பாத்துக்கணும்னு பொதுவா ஒரு ரூல், அதனால பாரம் பூரா கிரீஸ், இத்தாலி தலைல, அவங்க வடக்க போறவங்கள கண்டுக்கறதில்லன்னு ஜெர்மனிக்கு கோவம். அந்த சண்டைல நம்ம அப்பச்சி பையையும் திறக்குறான். இது ஒரு ட்ராவல்ஸ்காரருக்கு தெரிஞ்சிருக்கணுமா இல்லையா?

ஸ்டாம்ப் அடிச்சாங்களான்னு பாத்துக்கங்கன்னு வேற சொன்னாரு. 2025 அக்டோபர் 12லேருந்து ஸ்டாம்புக்கு பதிலா போட்டோ, கைரேகை எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்துற முறைய படிப்படியா கொண்டு வர ஆரம்பிச்சுட்டாங்க, இனி 90 நாள் தாண்டுனா மெஷினே காட்டி குடுத்துரும்.

இதெல்லாம் கேட்டுட்டு அப்பச்சி சொன்னது, எங்க ஐயா ரங்கூனுக்கு போனப்ப கப்பல் டிக்கெட் மட்டும்தாண்டா எடுத்தாருன்னு. அப்ப பர்மாவும் இந்தியாவும் ஒரே ஆட்சி, 1937ல பிரிச்சதுக்கு அப்புறம்தான் நம்மாளுங்க அங்க வெளிநாட்டுக்காரன் ஆனாங்க.

போறதா இருந்தா ஃபைல் போட மட்டும் போங்க, எந்த நாட்ல போடணும்ங்கறத நீங்களே முடிவு பண்ணுங்க, பாஸ்போர்ட்ட எப்பவும் கைல வச்சுக்க சொல்லுங்க. விசா பீஸ் 90 யூரோ, 6லேருந்து 12 வயசுக்குள்ள பசங்களுக்கு 45, அதுக்கு கீழ இலவசம், ரிஜெக்ட் ஆனாலும் காசு திரும்பாது. கடை சார்ஜ் ஆளுக்கு நாலாயிரம், பில் கேட்டாதான் தருவாங்க. மதியம் ரெண்டு டூ நாலு போகாதீங்க, ஷட்டர் இறங்கியிருக்கும்.