தேர்வை எத்தனை முறை எழுதலாம்: வரம்பு வேண்டுமா, வேண்டாமா?

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யூஎஸ்எம்எல்இயின் ஒவ்வொரு கட்டத்தையும் 4 முறைதான் எழுதலாம், 2021க்கு முன்பு அது 6 ஆக இருந்தது. நம்ம ஊர் சிஏ தேர்வுக்கு அப்படி எண்ணிக்கை வரம்பு கிடையாது, பதிவு செல்லுபடியாகும் காலம் வரை எழுதலாம்.

வரம்பு கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கேள்விகளை மனப்பாடம் செய்தே பத்தாவது தடவையில் தேறி வரும் டாக்டரிடம் யார் தைரியமாகப் போய் உட்காருவார்கள்?

ஆனால் குன்னூரில் இருந்து தேர்வெழுதப் போகும் பிள்ளையை யோசித்துப் பாருங்கள். நல்ல பயிற்சி வகுப்புக்கே கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும், ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றி, தூக்கமே இல்லாமல் தேர்வறைக்குள் நுழைய வேண்டும், அப்படி எழுதிய தேர்வையும் ஒரு வாய்ப்பாகக் கழித்துவிடுவது எந்த ஊர் நியாயம்? பகலில் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்துவிட்டு இரவில் படிப்பவருக்கு இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் பாடமே பிடிபடும்.

அதனால் வரம்பு வேண்டாம் என்பதே என் கட்சி. தரம் பற்றிக் கவலையா, சரி, ஒவ்வொரு முறையும் புது வினாத்தாள் கொடுங்கள், இரண்டு தேர்வுகளுக்கு நடுவே படிக்க நேரம் விடுங்கள், எந்தப் பகுதியில் சறுக்கினார் என்பதை விவரமாகச் சொல்லுங்கள். மறுதேர்வுக் கட்டணத்தையும் குறையுங்கள்.