சின்னக் கையேடா, ஒர்க்‌ஷாப் மேனுவலா?

காரைக்குடியில் என் வண்டியை நானே சர்வீஸ் பார்க்கத் தொடங்கியபோது, வண்டியோடு வந்த சின்னக் கையேடு மட்டும்தான் இருந்தது. ஆயில் மாற்ற, பிளக் இடைவெளி பார்க்க, டயரில் காற்று வைக்க அது போதும்.

இன்ஜினைத் திறந்தால் கதை வேறு. ஹெட் போல்ட்டை எந்த வரிசையில், எவ்வளவு முறுக்க வேண்டும்? பிஸ்டன் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்? இதற்கெல்லாம் மெக்கானிக்குகளுக்காகக் கம்பெனி போடும் பழுதுபார்ப்புப் புத்தகமான ஒர்க்‌ஷாப் மேனுவல்தான். ஆயில் அளவுகூட அதில் பெரும்பாலும் இரண்டாக இருக்கும்: வடித்து ஊற்றினால் ஒன்று, இன்ஜினைப் பிரித்து மாட்டினால் கொஞ்சம் கூடுதல். ஆனால் உங்கள் வண்டியின் மாடல், வருடம் இரண்டுக்கும் பொருந்துகிற மேனுவலாக இருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவுகள் மாறியிருக்கலாம்.

அப்புறம், அலகு. பழைய மேனுவல்களில் முறுக்கு அளவு கிலோ விசை மீட்டரில் இருக்கும்; அதில் 1 என்றால் சுமார் 9.8 நியூட்டன் மீட்டர். மாற்றிப் படித்தால் அலுமினியத்தில் மரை போச்சு.

“கையே சொல்லிடும்ணே” என்பார் எங்கள் தெரு மெக்கானிக். அவர் கை சொல்லும். என் கை சொல்லாது. அதனால் எனக்கு மேனுவலும், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சும்தான்.

ஏர் ஃபில்டரை மட்டும், இந்தச் செம்மண் புழுதியில், இரண்டு புத்தகமும் சொல்லும் கெடுவுக்கு முன்பே திறந்து பார்த்துவிடுகிறேன்.