கப்பல் நிற்கும் ஊரில் நடந்து செல்ல: தனியாகவா, கப்பல் குழுவோடா, உள்ளூர் வழிகாட்டியோடா?

சொகுசுக் கப்பல் பெரும்பாலும் காலையில் துறைமுகம் சேர்ந்து மாலையில் புறப்பட்டுவிடும். இடையில் கிடைக்கும் எட்டு அல்லது பத்து மணி நேரத்தில் ஊரை நடந்தே பார்க்க விரும்புபவருக்கு மூன்று வழிகள் உண்டு: யார் துணையும் இன்றித் தாமே நடப்பது, கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் நடைச்சுற்றுலாவில் சேர்வது, உள்ளூர் வழிகாட்டி ஒருவரைத் தாமாகவே அமர்த்திக்கொள்வது. பலர் கட்டணத்தைப் பார்த்தும், சிலர் தம் துணிச்சலை நம்பியும் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த இரண்டு அளவுகோல்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. கப்பலின் இறங்குபாலத்துக்கும் ஊரின் முதல் தெருவுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடை தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

மொண்டெனேக்ரோவின் கோட்டோரில் கப்பல் துறையில் கட்டப்படும் நாள்களில், ஒரு சாலையைக் கடந்தால் பழைய நகரின் மதிற்சுவர் வந்துவிடுகிறது. அலாஸ்காவின் ஜூனோவில் துறைகள் நகரின் மையத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன. நார்வேயின் பெர்கனில் பழைய வணிகர்களின் மரவீடுகள் நிற்கும் பிரிக்கன் பகுதி நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. இத்தகைய ஊர்களில் தனியாக நடப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். வழி தவறினாலும், உயர்ந்து நிற்கும் கப்பலையோ கடலோரத்தையோ அடையாளமாகக் கொண்டு திரும்பிவிடலாம். களைப்படைந்தால் கால் மணி நேரத்தில் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இங்கே கப்பல் குழுவில் சேருபவர், ஊரின் வரலாற்றை ஒருவர் சொல்லக் கேட்கும் பயனைப் பெறுகிறாரே தவிர, பாதுகாப்பில் கூடுதலாக எதையும் பெறுவதில்லை.

இதற்கு நேர்மாறான நிலை, கப்பலின் பயணத்திட்டத்தில் அச்சிடப்படும் பெருநகரம் உண்மையில் துறைமுகத்திலிருந்து வெகுதொலைவில் இருக்கும்போது ஏற்படுகிறது. ரோம் என்று குறிக்கப்படும் நிறுத்தம் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியுள்ள சிவிடவேக்கியா. பாரிஸ் என்பது ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லெ ஹாவ்ர். பாங்காக் என்பது 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள லேம் சாபாங். அந்நகரங்களில் நடப்பது எளிதாக இருக்கலாம். ஆனால் ரயில் நின்றாலோ நெடுஞ்சாலை முடங்கினாலோ, நடைபயணி எவ்வளவு கவனமாக இருந்தாலும் கப்பலைத் தவறவிடக்கூடும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்கு உள்ள மிகப் பெரிய வலிமை இங்கேதான் வெளிப்படுகிறது. தன் குழு தாமதமானால் கப்பல் வழக்கமாகக் காத்திருக்கும், காத்திருக்க இயலாதபோது அடுத்த துறைமுகத்தில் அவர்களைச் சேர்ப்பதற்கான ஏற்பாட்டை நிறுவனமே செய்யும். தனியாகச் சென்றவருக்கும், வெளி வழிகாட்டியோடு சென்றவருக்கும் அந்த உறுதி கிடையாது. அடுத்த துறைமுகம் வரையிலான விமானச் செலவும் விசாச் சிக்கலும் அவர்களுடையவையே. ஆகவே தொலைநகரங்களுக்குக் கப்பல் குழுவையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். தனியாகப் போயே ஆக வேண்டும் என்பவர், திரும்புவதற்குக் கடைசி ரயிலை நம்பாமல், அதற்கு முன் குறைந்தது இரண்டு ரயில்களாவது இருக்கும்படி திட்டமிட வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் துறைமுகங்கள்தான் பயணிகளை அதிகம் ஏமாற்றுகின்றன. குரோவேஷியாவின் துப்ரோவ்னிக்கில் பெரிய கப்பல்கள் நிற்கும் குருஜ் துறைக்கும் பழைய நகருக்கும் இடையே சுமார் மூன்று கிலோமீட்டர் உண்டு. அது நடக்கக்கூடிய தொலைவுதான். ஆனால் மேடும் பள்ளமுமான சாலையில் கோடை நண்பகலில் அதைக் கடந்து, பிறகு நகர மதில்மேல் ஏறிச் சுற்றி, மீண்டும் அதே வழியில் திரும்புவது வேறு கதை. இத்தாலியின் லிவோர்னோ போன்ற சரக்குத் துறைமுகங்களில் கப்பலிலிருந்து வாயில்வரை நடக்கவே அனுமதி இல்லை, ஷட்டில் பேருந்தில்தான் வெளியே வர வேண்டும். 2002-இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஏற்று, 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கப்பல் மற்றும் துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி துறைமுக வளாகங்களுக்குள் நுழைவதும் நடமாடுவதும் கட்டுப்படுத்தப்படுகின்றன. ஆனால் பயணியின் கோணத்தில் விதியைவிட முக்கியமான காரணம் வேறு: கொள்கலன் ஏற்றிய லாரிகளும் பாரந்தூக்கிகளும் இயங்கும் இடத்தில், ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத ஓரங்களில் மனிதர்கள் நடப்பது உயிருக்கே ஆபத்து. வாயிலுக்கு வெளியே வந்த பிறகும், நடைபாதை இல்லாத அகலச் சாலைகளும் ஆளற்ற கிடங்குத் தெருக்களும் ஊர் தொடங்கும்வரை நீளக்கூடும். பயணிகள் பொதுவாக அஞ்சுவது ஊருக்குள் இருக்கும் திருடர்களை. நான் அஞ்சச் சொல்வது துறைமுகத்துக்கும் ஊருக்கும் இடையில் உள்ள இந்தப் பகுதியை. அதை ஷட்டிலிலோ டாக்சியிலோ கடந்துவிட்டு, ஊருக்குள் சென்ற பிறகு நடையைத் தொடங்குவதே சரி.

உள்ளூர் வழிகாட்டி என்ற மூன்றாவது வழி சிறப்பாகப் பயன்படுவது இத்தகைய நடுத்தரத் துறைமுகங்களில்தான். எந்தத் தெரு நண்பகலில் வெறிச்சோடும், விடுமுறை நாளில் எந்தப் பகுதி மூடப்பட்டிருக்கும், எந்தப் படிக்கட்டு மழையில் வழுக்கும் என்பவற்றை அங்கேயே வாழ்பவர் அறிவார். எந்த வரைபடமும் அவற்றைச் சொல்வதில்லை. பெரிய குழுவாக நகராததால் நடையின் வேகத்தையும் நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியும். ஆனால் வாயிலில் இறங்கியதும் அணுகி வந்து வற்புறுத்துபவரை அந்த இடத்திலேயே அமர்த்துவதை நான் ஏற்கமாட்டேன். இத்தாலி, கிரீஸ் போன்ற நாடுகளில் வழிகாட்டித் தொழிலுக்கு உரிமம் தேவை. எனவே பயணத்துக்கு முன்பே தேடி, உரிமத்தை உறுதி செய்து, கப்பலின் புறப்பாட்டு நேரத்தை எழுத்தில் தெரிவித்து முன்பதிவு செய்வதே முறை.

திருட்டைப் பொறுத்தவரை மூன்று வழிகளுக்கும் இடையே பலர் நினைக்கும் அளவுக்கு வேறுபாடு இல்லை. குழுவில் இருப்பது தாக்குதலிலிருந்து காக்கும். ஆனால் எண் பொறித்த ஒட்டுவில்லைகளை அணிந்து, உயர்த்திப் பிடித்த பலகையைப் பின்தொடரும் கூட்டம், பிக்பாக்கெட் அடிப்பவர்களின் கண்ணில் உடனே படும். விளக்கத்தைக் கேட்டு அண்ணாந்து பார்க்கும் தருணம்தான் அவர்களுக்கு வசதியானது. தனியாக நடப்பவர் தன் பையைத் தானே கவனித்துக்கொள்கிறார். ஆனால் உதவிக்கு ஆள் இல்லாததால், மக்கள் நடமாட்டம் குறைந்த தெருவுக்குள் நுழையாமல் இருப்பதும், இருட்டுவதற்குள் திரும்புவதும் அவருக்குக் கட்டாயம். கப்பல் இரவு வரை நிற்கும் ஊர்களில் மாலைக்குப் பிறகு இருவராகவோ மூவராகவோ செல்வதே நல்லது. உணவு மேசையில் அறிமுகமான சக பயணிகள் இதற்கு நல்ல துணை. தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் இதைத் தயங்காமல் கேட்கலாம்.

உடல்நிலை வேறொரு கணக்கைக் கேட்கிறது, அதில் தனிநடையே முன்னிற்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் தந்த விதி இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது பழக்கப்பட்ட மலைநடையாளருக்கான கணக்கு. கோட்டோரின் மலைக்கோட்டைக்குச் செல்லும் சுமார் 1,350 படிகளை ஏற அந்த விதி சொல்லும் நேரத்தைப் போல இரு மடங்கு ஒதுக்குவதே சாதாரணப் பயணிக்குப் பொருந்தும். குழுவில் சென்றால் இடையில் உட்காரவோ பாதியில் திரும்பவோ தயக்கம் வரும். தனியாகச் செல்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில் துறைமுகத்திலிருந்து மேல்நகருக்கு 58 மீட்டர் உயர மின்தூக்கி இருப்பதைப் போல, ஏற்றத்தைத் தவிர்க்கும் வழி இருக்கிறதா என்பதை முந்தைய இரவே தேடிவைத்தால், முழங்கால் வலி உள்ளவரும் தனியாகவே ஊரைப் பார்த்து வரலாம். கப்பல் குழுவையே விரும்புபவர், சுற்றுலா விவரத்தில் குறிக்கப்பட்டிருக்கும் கடினத்தன்மையையும் படிக்கட்டு பற்றிய குறிப்பையும் படித்த பிறகே முன்பதிவு செய்ய வேண்டும்.

தனிநடையைத் தேர்ந்தவர் மிகவும் கவனிக்க வேண்டியது கடிகாரம். சில பயணங்களில் கப்பல் தன் நேரத்தை மாற்றாமலே வைத்துக்கொள்ளும். கைப்பேசியோ கரையிலுள்ள கோபுரத்தைத் தொட்டதும் உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். ஒரு மணி நேர வேறுபாடு கப்பலைத் தவறவிடப் போதும். ஆகவே கப்பல் நேரத்தில் ஓடும் கைக்கடிகாரம் ஒன்று வேண்டும். எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம் புறப்படும் நேரத்துக்குப் பொதுவாக அரை மணியோ அதற்கும் மேலோ முன்னதாக இருக்கும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பாக வாயிலை அடையும்படி நடையை முடிக்கச் சொல்வேன். கப்பலில் தரப்படும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் அச்சாகும் துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பாகச் செயல்படுபவரின்) தொலைபேசி எண்ணைப் படமெடுத்து, காகிதத்திலும் எழுதிக்கொள்ள வேண்டும். இணையம் இல்லாமலும் ஜிபிஎஸ் இயங்கும் என்பதால், ஊரின் வரைபடத்தைக் கப்பலிலேயே தரவிறக்கி, இறங்கிய இடத்தைக் குறித்து வைத்தால் திரும்பும் வழி எப்போதும் கையில் இருக்கும். வாகனங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதையும் இறங்கும்போதே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பழக்கத்தால் தவறான பக்கம் பார்த்துச் சாலையில் கால் வைப்பது அனுபவசாலிகளுக்கும் நேர்கிறது.

கப்பல் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்பும் ஊர்களுக்கு மேற்சொன்ன கணக்கைச் சற்று மாற்ற வேண்டும். கிரீஸின் சாண்டோரினித் தீவில் பழைய படகுத்துறையிலிருந்து மேலே உள்ள ஃபிரா நகருக்குச் சுமார் 600 படிகள் உண்டு. ஏறாதவர் கம்பிவட ஊர்தியில் செல்லலாம். பல கப்பல்கள் ஒரே நாளில் வரும்போது, மாலையில் கீழே இறங்குவதற்கான வரிசை மிகவும் நீண்டுவிடுகிறது. படிகளில் இறங்கிவிடலாம் என்றால், அதே பாதையில் சுமைவிலங்குகளும் வருகின்றன, கற்களும் வழுக்குகின்றன. இங்கு நான் இரண்டு வழிகளைச் சேர்த்துச் சொல்வேன்: காலையில் முதலில் இறக்கிவிடப்படும் கப்பல் குழுவோடு கரை சேர்ந்து, அவர்களின் சுற்று மேல்நகரில் முடிந்ததும் பிரிந்து தனியாக நடப்பது. பிரிந்த அந்த நொடியிலிருந்து கப்பல் காத்திருக்கும் என்ற உறுதி விலகிவிடும் என்பதால், அப்போது திட்டமிட வேண்டியது கப்பல் புறப்படும் நேரத்தை வைத்து அல்ல, கடைசிப் படகு கரையை விட்டுக் கிளம்பும் நேரத்தை வைத்து.