கார் சீட்டைச் சுற்ற பெல்ட் போதவில்லை: இருக்கிற வழிகளில் எது நல்லது?

பிறந்த குழந்தைக்கான, பின்னோக்கி வைக்கும் கார் சீட்டை முதல் தடவை பொருத்துகிறவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். இடுப்பு பெல்ட்டைக் குழந்தையின் கால்பக்கமாகக் கொண்டுபோய் பக்கிளை மாட்டியாகிவிட்டது. தோள் பெல்ட்டைச் சீட்டின் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தால், மாட்ட வேண்டிய இடத்துக்கு நாலு விரல் முன்னாலேயே பெல்ட் தீர்ந்துவிடுகிறது.

இதில் கார் மேலும் குறை இல்லை, சீட் மேலும் குறை இல்லை. காரின் பெல்ட் ஒரு பெரிய ஆளின் மார்பையும் இடுப்பையும் குறுக்காகக் கடக்கும் அளவுக்குச் செய்யப்பட்டது. குழந்தை சீட்டோ அதைத் தன்னைச் சுற்றி ஒரு முழு வட்டமே வரச் சொல்கிறது. சிறிய கார்களிலும் பழைய கார்களிலும், அதுவும் பின் இருக்கைகளில், இந்தச் சிக்கல் அதிகம். சீட்டின் பெட்டியில் ‘யுனிவர்சல்’ என்று எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். அந்தச் சொல்லுக்கு எல்லாக் காரிலும் பொருந்தும் என்று அர்த்தம் இல்லை. கார் தயாரிப்பாளர் அந்த வகைக்கு ஏற்றது என்று சொல்லியிருக்கும் இருக்கைகளில் பொருந்தும் என்பதுதான் அர்த்தம். எந்த இருக்கை எந்த வகைக்கு ஏற்றது என்ற அட்டவணை காரின் கையேட்டில் இருக்கும்.

இந்த நிலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பெல்ட்டை எப்படியாவது நீளமாக்கலாம் என்பதுதான். என் கருத்து நேர் எதிர். பெல்ட்டை நீட்டப் பார்க்காதீர்கள். அது சுற்ற வேண்டிய தூரத்தைக் குறையுங்கள். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

பெல்ட் உண்மையிலேயே குட்டைதானா?

பணம் செலவழிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். சில கார்களில் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துவிட்டால் அது பூட்டும் முறைக்குப் போய்விடும். அதன் பிறகு ‘கடகட’வென்று உள்ளே மட்டும் போகுமே தவிர வெளியே வராது. பாதியில் இப்படிப் பூட்டிக்கொண்ட பெல்ட்டைக் குட்டை பெல்ட் என்று நினைத்துவிடுவது எளிது. முழுவதும் உள்ளே போகவிட்டு, மறுபடி மெதுவாக இழுத்துப் பாருங்கள். கார் சரிவில் நின்றாலும் பெல்ட் சுருள் பூட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்திவிட்டு முயலுங்கள். மடக்கும் பின் இருக்கை என்றால் பெல்ட் அதன் பின்னால் சிக்கியிருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தோள் பெல்ட் வரும் தூணில் உயரத்தை மாற்றும் வசதி இருந்தால், அதை இறக்கினால் கொஞ்சம் நீளம் கிடைக்கலாம்.

சீட்டும் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையின் கால் இருக்கும் முனை, காரின் முதுகுச்சாய்வை ஒட்டி நன்றாக உள்ளே போயிருக்கிறதா? கைப்பிடி, கையேடு சொல்லும் நிலையில் இருக்கிறதா? இடுப்புப் பகுதியில் தேங்கிக் கிடக்கும் தளர்வை எல்லாம் இறுக்கித் தோள் பக்கம் அனுப்பினீர்களா? இதிலேயே வேலை முடிந்துவிட்டால் நிம்மதி. முடியவில்லை என்றால், பெல்ட் குட்டைதான்.

இடத்தை மாற்றுவது

செலவே இல்லாத வழி இது. ஆனால் பெரும்பாலும் பலன் தராது. பின்பக்கம் இடது, வலது இரண்டிலும் பெல்ட் ஏறக்குறைய ஒரே நீளம். நடு இருக்கையில், பழைய கார் என்றால், இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கலாம்; தோள் பெல்ட்டும் தேவைப்படும் சீட்டுக்கு அது உதவாது.

மீதி இருப்பது முன் இருக்கை. அங்கே பெல்ட் நீளமாக இருக்க வாய்ப்பு உண்டு, அதனால்தான் ஆசை காட்டும். ஆனால் பின்னோக்கி வைத்த சீட்டில், குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஓடுதான் டாஷ்போர்டுக்கு மிக அருகில் நிற்கிறது. ஏர்பேக் வெடித்து விரிந்தால் அந்த ஓட்டை நேராக அறையும்; குழந்தை உயிர் பிழைப்பதே கடினம். சாவி போட்டோ ஸ்விட்ச் மூலமோ பயணி பக்க ஏர்பேக்கை அணைக்க முடிய வேண்டும், அது அணைந்ததற்கான விளக்கு எரிவதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், அந்த இடத்தில் வைக்கலாம் என்று காரின் கையேடும் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் முன் இருக்கையை மறந்துவிடுங்கள். யாராவது ஒருநாள் அந்த ஸ்விட்சைத் திருப்பிவிட்டு மறந்துபோகலாம் என்பதே எனக்குப் போதுமான காரணம். மற்ற வழி எதுவும் சரிவராதபோதுதான் இதை யோசிப்பேன்.

ஐசோஃபிக்ஸ் பேஸ்

பேஸ் என்பது குழந்தை சீட்டுக்கு அடியில், காரிலேயே பொருத்தி வைக்கும் அடித்தளம். பெல்ட் இல்லாமலே அதைப் பிடித்துக்கொள்ளக் காரின் உடலோடு பொருத்தியிருக்கும் கம்பிகள்தான் ஐசோஃபிக்ஸ் கம்பிகள். அவை காரில் இருந்தால் நான் முதலில் போவது இங்கேதான். சீட்டைப் பிடிக்கும் வேலையிலிருந்து பெல்ட்டை முழுவதுமாக விடுவித்துவிடுவதால், அதன் நீளம் பற்றிய பேச்சே இல்லாமல் போகிறது. முதுகுச்சாய்வும் இருக்கையும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனில், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். ஐரோப்பாவில் 2014-க்குப் பிறகு வந்த புதிய கார்களிலும், அமெரிக்காவில் 2002 செப்டம்பருக்குப் பிறகு வந்தவற்றிலும் இந்தக் கம்பிகள் கட்டாயம். சிலருக்கு இவை தங்கள் காரில் இருப்பதே தெரியாது. துணி மடிப்புக்கோ பிளாஸ்டிக் மூடிக்கோ பின்னால் மறைந்திருக்கும். சில மாடல்களில் கம்பி இல்லாவிட்டாலும் அதை மாட்டுவதற்கான இடம் தயாராக இருக்கும். கார் நிறுவனமே கம்பியைத் தனியாக விற்கும்.

பேஸ் கம்பிகளில் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும், பச்சை அடையாளம் தெரியும். குழந்தை சீட்டை அதன் மேல் வைத்து அழுத்தினால் முடிந்தது. தூக்கக் கலக்கத்தில் அவசரமாகக் கிளம்பும் பெற்றோருக்கு, தவறாக மாட்டும் வாய்ப்பு குறைவு என்பது பெரிய வரம். பெல்ட்டைச் சுற்றி மாட்டும் முறையில் ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது ஒன்றைத் தவறவிட இடம் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பேஸில் அதே நிறுவனம் சொல்லும் சீட்கள் மட்டும்தான் உட்காரும். வேறொன்றை மாட்டிப் பார்க்கவே கூடாது. விலையும் கூடும். அப்புறம் மூன்றாவது பிடி. சீட் முன்னால் புரளாமல் இருக்க, பெரும்பாலான பேஸ்களில் தரையில் ஊன்றும் ஒரு கால் இருக்கும். பின் இருக்கைக்குக் கீழே தரையில் மூடியுள்ள அறை இருக்கும் கார்களில் அந்தக் காலை மூடி மேல் ஊன்றக் கூடாது; மோதலில் மூடி உடைந்து கால் உள்ளே இறங்கிவிடும். சில கார்களுக்கு அந்த அறையை நிரப்ப ஒரு கட்டை கிடைக்கும், சிலவற்றுக்கு அதுவும் இல்லை. ஆகவே பேஸ் வாங்கும் முன், அதன் தயாரிப்பாளர் தரும் கார் பட்டியலில் உங்கள் மாடலும் வருடமும் இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள்.

பெல்ட்டால் கட்டும் பேஸ்

ஐசோஃபிக்ஸ் இல்லாத காருக்கு அடுத்த தேர்வு இது. பேஸ் தாழ்வாக இருப்பதால் பெல்ட் அதன் குறுக்கே போனால் போதும். உயரமான ஓட்டைச் சுற்றி வர வேண்டியதில்லை. எட்டாத பெல்ட் இதற்கு எட்டிவிடுவது உண்டு. ஒரு தடவை இறுக்கிவிட்டால் தினமும் பெல்ட்டோடு போராட வேண்டியதும் இல்லை. ஆனால் சில பேஸ்களுக்கும் தோள் பெல்ட் நீளமாகவே தேவைப்படும். காரில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வேறு சீட்

ஏற்கெனவே ஒரு சீட்டுக்குச் செலவழித்தவர்களுக்கு இது கசக்கும். என்றாலும், பல வீடுகளில் கடைசியில் தீர்வாக அமைவது இதுதான் என்று நினைக்கிறேன்.

கைப்பிடியோடு தூக்கும் சீட்களிலேயே ஓட்டின் அகலமும் பெல்ட் போகும் பாதையும் மாடலுக்கு மாடல் வேறு. ஒன்றுக்கு எட்டாத பெல்ட் இன்னொன்றுக்குச் சுலபமாக எட்டும். அதைவிட, காரிலேயே நிரந்தரமாக இருக்கும் பெரிய பின்னோக்கு சீட்கள் சிலவற்றில் பெல்ட் முதுகைச் சுற்றாது. குழந்தையின் கால்களுக்கு அடியில் உள்ள பாதையில் நுழைந்து வெளியே வரும். இதற்கு ஆகும் நீளம் மிகவும் குறைவு.

இன்னொரு கணக்கும் உண்டு. தூக்கும் சீட்கள் பல, குழந்தை சீட்களுக்கான பழைய பாதுகாப்பு விதியான ஆர்44-இன்படி, 13 கிலோ வரைக்குமானவை. எடை அந்த அளவை எட்டும் முன்பே தலை ஓட்டின் விளிம்புக்கு வந்துவிடும் குழந்தைகள் நிறைய. அதற்கு அடுத்து வந்த புதிய ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும் என்கிறது. எப்படியும் அடுத்த சீட் வாங்கத்தான் போகிறோம் என்றால், அதை இப்போதே வாங்குவது வீண் செலவு ஆகாது.

ஆனால் பெரிய சீட் எல்லாமே பிறந்த குழந்தைக்கு ஆகாது. தோள் வார் வெளிவரும் துளை, குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். சாய்வும் போதுமானதாக, ஏறக்குறைய 45 பாகை, இருக்க வேண்டும். நிமிர்ந்துபோன சீட்டில் தலை முன்னால் சரிந்து, தாடை நெஞ்சில் அமுங்கி, மூச்சு அடைபடலாம். கழுத்து நிற்காத குழந்தைக்கு இது உண்மையான ஆபத்து. தூங்கும் குழந்தையைச் சீட்டோடு தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதும் ஒரு குறைதான். பெல்ட் எட்டாத சீட்டோடு ஒப்பிட்டால் அது ஒரு குறையே இல்லை.

நீளமான பெல்ட், நீட்டிப்பு பெல்ட்

இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் துளியும் ஒன்றல்ல.

சில கார் நிறுவனங்கள் அதே மாடலுக்கு நீளமான பெல்ட்டை உதிரிபாகமாகத் தருகின்றன. கிடைத்தால் அது நல்ல வழி. சர்வீஸ் மையத்தில் அவர்களே மாட்ட வேண்டும். பல கார்களில் பெல்ட் அமைப்போடு, மோதலின்போது பெல்ட்டை இறுக்குவதற்காகச் சிறிய வெடிமருந்து இருக்கிறது. தெரு மூலை மெக்கானிக் கழற்றிப் பார்க்கும் பொருள் அல்ல அது. சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்துப் பட்டையை ஒட்டுப்போடுவதோ, கேட்கவே வேண்டாம்.

பக்கிளில் செருகும் நீட்டிப்பு பெல்ட் விலை மலிவு, நொடியில் மாட்டலாம், பிரச்சினை தீர்ந்த மாதிரியே இருக்கும். குழந்தை சீட்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சீட் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தெளிவாகவே சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது. சோதனைக்கூடத்தில் சீட்டை மோதிப் பார்த்தபோது அந்தத் துண்டு அங்கே இல்லை. நடுவில் இன்னொரு பக்கிள் முளைக்கிறது. அது சீட்டின் கடினமான விளிம்பில் அழுந்தி நின்றால், மோதலின் வேகத்தில் உடையவோ திறந்துகொள்ளவோ கூடும். பெரிய உடல்வாகு உள்ளவர்களுக்காகக் கார் நிறுவனமே தரும் நீட்டிப்பும் அந்தப் பெரியவருக்கு மட்டும்தான். ஒரே ஒரு விதிவிலக்கு: உங்கள் காரின் தயாரிப்பாளரும் சீட்டின் தயாரிப்பாளரும் இருவருமே எழுத்தில் அனுமதித்தால் மட்டும்.

தோள் பெல்ட்டைச் சுற்றாமல் விட்டுவிடுவது, பெல்ட் போவதற்காகச் சீட்டில் நீலக் குறி இட்ட பாதையை விட்டு வேறு வழியில் நுழைப்பது, கயிற்றால் கட்டுவது எல்லாம் ஒப்பீட்டில் சேர்க்கவே தகுதி இல்லாதவை. மடியில் வைத்துக்கொள்வதும் அப்படியே. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 5 கிலோ குழந்தை ஏறக்குறைய 70 கிலோ எடையோடு முன்னால் பாயும். எந்தக் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது.

நான் தேர்ந்தெடுக்கும் வரிசை

கம்பி இருந்தால் ஐசோஃபிக்ஸ் பேஸ். கம்பி இல்லாமல், இருக்கிற சீட்டுக்குப் பெல்ட் பேஸ் கிடைத்தால் அது. இரண்டும் இல்லையென்றால் வேறு சீட். சீட் பிடித்துப்போய் மாற்ற மனம் வராதவர்களும், நிறுவனம் நீளமான பெல்ட் தரும் கார் வைத்திருப்பவர்களும் அதைக் கேட்டுப் பார்க்கலாம். பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் பிரசவ தேதி நெருங்கும் முன்பே கேளுங்கள்.

எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள். கடைக்காரர் காருக்கு வந்து மாட்டிக் காட்டினால் இன்னும் நல்லது. மாட்டிய பிறகு பெல்ட் அல்லது ஐசோஃபிக்ஸ் பிடிக்கும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. தாத்தா பாட்டியின் காரிலும் குழந்தை போகும் என்றால் அந்தக் காரிலும் வைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். ஒரு காரில் தாராளமாக எட்டும் பெல்ட், அடுத்த காரில் எட்டாமல் போகலாம்.