பானையா, புழுத்தொட்டியா, எரிவாயுக் கலனா? நோம்பிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

வீட்டிலிருந்து குப்பையே வெளியே போகக் கூடாது என்று இறங்கினால் முக்கால்வாசி வேலை சுலபம்தான். காகிதம், அட்டை, கழுவிக் காயவைத்த பால் கவர் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். தேங்காய்த் தொட்டி வெந்நீர் அடுப்புக்கு. சந்தைக்கு மஞ்சப்பை, கறிக்கடைக்குப் போசி. மல்லுக்கட்ட வேண்டியது சமையலறைக் கழிவோடு மட்டும். அது தினமும் சேரும், மறுநாளே நாறும்.

பக்கத்தில் யாராவது மாடோ எருமையோ வைத்திருந்தால் கழுநீரும் காய்த்தோலும் அங்கே போகட்டும், நீங்கள் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். ஈரோட்டில் எங்கள் தெருவில் அந்த வசதி இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்று வழி: கழிவை மக்கவைத்து உரமாக்கும் பானை, மண்புழுவை விட்டு உரமாக்கும் தொட்டி, கழிவைப் புளிக்கவைத்து அடுப்புக்கு வாயு எடுக்கும் கலன். நாங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மூன்று மண்பானைகளை வாங்கினோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

விலையில் பானை குறைவு, எரிவாயுக் கலன் அதிகம். உரத்தின் தரத்தில் மண்புழுவுக்குத்தான் முதலிடம், அதில் வாதமே இல்லை. இடம் என்று பார்த்தால் பானைக்கு மாடிப்படி ஓரம் போதும், தொட்டிக்கு நிழல் வேண்டும், கலனுக்கு வெயில் விழும் திறந்தவெளி வேண்டும். இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத ஒன்று இருக்கிறது: வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் போனால் என்ன ஆகும்?

நம் பக்கத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. பங்குனி, சித்திரையில்தான் ஊர் ஊராக மாரியம்மன் நோம்பி. கோயிலில் கம்பம் நட்டுத் திருவிழா தொடங்கிவிட்டால் யாரும் டவுனில் இருப்பதில்லை. ஈரோட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடுவதும் அதே நாட்களில்தான். மண்புழுவுக்கு 35 டிகிரிக்கு மேல் போனாலே ஆகாது. படுக்கை ஈரமாக இருக்க வேண்டும், மேலே போட்ட சாக்கு காயக் கூடாது. காய்ந்தால் எறும்பு வேறு ஏறும். எலுமிச்சைத் தோல், வெங்காயம், எண்ணெய்ச் சோறு எதுவும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. தெருவில் தொட்டி வைத்திருக்கும் அக்கா ஒருவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார். "சாக்குக்கு மட்டும் மறக்காம தண்ணி தெளிச்சிரு அம்மிணி" என்பார். இப்படி ஓர் ஆள் கிடைத்தால் மண்புழு நல்ல தேர்வுதான்.

எரிவாயுக் கலனுக்குப் போகும்போது சிக்கல் இல்லை, திரும்பி வந்த பிறகுதான் சிக்கல். ஒரு வாரம் தீனி இல்லாமல் உள்ளே வேலை மந்தமாகிக் கிடக்கும். வந்த கையோடு விருந்து மிச்சத்தையெல்லாம் கொட்டினால் புளித்துப் போய், வாயு வந்தாலும் அடுப்பு சரியாக எரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் மீந்த சோறு, குழம்பு, கறி எல்லாவற்றையும் அது ஏற்கும். இந்த விஷயத்தில் பானை அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நான் பார்த்ததெல்லாம் கோபி பக்கம் அண்ணனின் தோட்டத்துச் சாளை வீட்டில் இருக்கும் கலனை மட்டும்தான். அங்கே கரைத்து ஊற்றச் சாணி கட்டுத்தறியிலேயே இருக்கிறது, கழிவு நீரும் நேராகத் தென்னைக்குப் போய்விடுகிறது. டவுன் வீட்டில் இரண்டுக்கும் என்ன வழி என்று நான் பழகிப் பார்த்ததில்லை.

பானைக்கு வருவோம். அன்றன்றைய கழிவைப் போட்டு, மேலே ஒரு கை தேங்காய் நார்த்தூள் தூவி, மூடிவிட்டால் முடிந்தது. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களில் மலையாகக் குவிந்து கிடக்கும் அதே தூள்தான். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தனியாக அது லேசில் மக்காது. அதை மக்க வைக்கக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தைப் பயன்படுத்தும் முறையையே சொல்லிக்கொடுக்கிறது. பானைக்குள் நமக்கு அது மக்கவே வேண்டியதில்லை, ஈரத்தைப் பிடித்தால் போதும். நாற்றம் மூக்கைச் சுள்ளென்று குத்தினால் தூள் போதவில்லை என்று அர்த்தம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

நோம்பிக்குக் கிளம்பும் அன்று நன்றாகக் கிளறி, நார்த்தூளைக் கனமாகப் போட்டு மூடிவிடுகிறோம். வந்து பார்த்தால் மட்டம் இறங்கி, மேலே காய்ந்திருக்கும். புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் மறுபடி சூடேறிவிடும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் காய்ந்தால் தூங்கும், ஈரத்தில் எழுந்துகொள்ளும். யாரிடமும் சாவி கொடுக்க வேண்டியதில்லை.

பானையிலும் தொல்லை இல்லாமல் இல்லை. ஐப்பசி மழையில் மூடியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள் விளிம்பு வரை ஏறி நிற்கும். அத்தை இன்றுவரை அந்தப் பக்கம் போவதில்லை. அவை கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். பிடிக்கவில்லை என்றால் தூளைக் கூட்டினால் குறைந்துவிடும். எலும்பு, மாம்பழக் கொட்டை இரண்டும் எத்தனை நாள் ஆனாலும் அப்படியேதான் கிடக்கும். சலித்து எடுத்துச் செடிக்கு அடியில் ஆழமாகப் புதைத்துவிடுகிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் மாத்திரை அட்டை, மசாலா பாக்கெட், நாப்கின் மிஞ்சுகின்றன. நாப்கினைத் தனியாகச் சுற்றி மாநகராட்சி வண்டியில்தான் கொடுக்கிறோம்.