வித்த கட்டடத்துலயே வாடகைக்கு இருங்கன்னு யாராவது வந்தால் உஷார்: 32 லட்சம் போச்சு

கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலை) கணக்கு எழுதுகிறேன். 15 நாளில் காலி செய்யச் சொல்லி நேற்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. 80 லட்சம் பெறும் முதலாளியின் ஷெட்டும் நிலமும் 48 லட்சத்துக்குப் போய்விட்டது. 32 லட்சம்! வயிறு எரிகிறது.

தொழிலுக்குப் பணம் ஏற்பாடு செய்து தருவதாக நாகர்கோவிலில் ஆபீஸ் போட்டிருப்பவர்கள் சொன்ன வழி இது: கட்டடத்தை வித்துடுங்க, மறுநாளே வாடகைக்கு எடுத்து அங்கேயே ஓட்டுங்க, வர்ற பணத்துல தோட்டண்டி (உடைக்காத முந்திரிக்கொட்டை) வாங்குங்க, 2 வருஷத்துல 58 லட்சத்துக்குத் திருப்பி வாங்கிக்கிடுங்க. முறை ஒன்றும் புதிதில்லை. பெரிய கம்பெனிகள் நீண்ட கால வாடகைப் பத்திரம் பதிந்துகொண்டு செய்வதுதான். இங்கே மோசடி நடந்தது தாள்களில்.

பதிவு அன்று முதலாளி கேட்டிருக்கிறார், திருப்பி வாங்கும் ஷரத்தைப் பத்திரத்திலேயே எழுதலாமே என்று. "அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம். அதை எழுதினா அடமானம்னு ஆயிரும். தனித்தாள்ல எழுதித் தாறோம். நம்ம ஊரு ஒற்றி மாதிரின்னு வச்சுக்கிடுங்க." ஒற்றி என்ற அந்த வார்த்தையை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார். ஒற்றியில் சொத்து நம்முடையது, பணத்தைக் கொடுத்தால் மீட்கலாம். கிரையம் அப்படியா? 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவு: திருப்பி எழுதித் தரும் ஷரத்து அதே கிரையப் பத்திரத்தில் இல்லையென்றால் அது அடமானமே ஆகாது. தெரிந்துதான் தனித்தாளில் எழுதினார்கள். அந்தத் தாள்கூட 20 ரூபாய் முத்திரைத்தாள், பதியவில்லை. கையெழுத்துப் போட்டவர் அந்த நாகர்கோவில் ஆபீஸ் ஊழியர். பத்திரத்தில் சொத்தை வாங்கியவர் வேறு ஆள்!

வாடகை ஒப்பந்தமும் 11 மாதத்துக்குத்தான். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பதிந்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் இந்த 11.

தாள்கள் என் மேசைக்கு வந்தது எல்லாம் முடிந்த பிறகு. கணக்குப் போட்டேன். மாத வாடகை 60,000, வருஷத்துக்கு 7.2 லட்சம், வாங்கிய பணத்தில் 15 சதவீதம். திருப்பி வாங்க 10 லட்சம் கூடுதல், அது வருஷத்துக்கு இன்னொரு 10 சதவீதம். அந்தக் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் தனி. இத்தனைக்கும் வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை, 66 லட்சம். விற்ற விலை அதற்கு இவ்வளவு கீழே இருந்தால் வருமான வரிக்காரர்கள் 66 லட்சத்தைத்தான் விற்பனை விலையாக எடுப்பார்கள். கைக்கு வராத பணத்துக்கும் வரி!

நாகர்கோவில் ஆபீஸுக்குப் போன் போட்டால் "சார் மீட்டிங்ல இருக்கார்". நேரில் போனால் "மெயில் போடுங்க". மூன்றாம் தடவை போனபோது "அந்த ஸ்டாஃப் வேலைய விட்டுப் போயிட்டார், பத்திரத்துல இருக்கறதுதான் கணக்கு" என்றார்கள். போலீஸில் "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க". வக்கீலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 32 லட்சம் திரும்புமா, தெரியவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவாவது செய்யுங்கள். திருப்பி வாங்கும் ஷரத்து, விலை, கெடு மூன்றும் கிரையப் பத்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். பத்திரத்தில் வாங்குபவராக இருப்பவரே கையெழுத்துப் போடட்டும். வாடகைப் பத்திரம் குறைந்தது 5 வருஷத்துக்கு, அதே நாளில், பதிந்து. சந்தை விலைக்குக் குறைத்து விற்க வேண்டாம். பதிவு முடிந்தபின் வில்லங்கச் சான்று எடுத்து, வாங்கியவர் அதை வேறு எங்காவது அடமானம் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். கையெழுத்துக்கு முன்னால் உங்கள் சொந்த வக்கீல் படிக்கட்டும், அவர்கள் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்.